வண்டியிலதான் ஆட்டம்

எய்யா,

தபால்ல கடிதாசி வந்ததும் பதறியிருப்பே. ஒருத்தரும் சாகல. உங்கம்மா நல்லா இருக்கா, இப்பக்கூட அடுப்படியில நின்னு என்னைய ஏசிக்கிட்டுத்தான் இருக்கா. நானும் இருக்கேன். போன்ல சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பே. போன்ல நான் வாயைத் திறக்குததுக்குள்ள "சரிப்பா, சரிப்பா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு"ம்பே. வாட்ஸப்புல பேசி அனுப்புங்கன்னு உங்கம்மா சொன்னா. பேசினா நான் கத்திருவேன், நீ அதைப் பாதி கேட்டுட்டு அழிச்சிருவே. எழுதினதைக் கிழிச்சுப் போட உனக்கு மனசு வராதுன்னு ஒரு நம்பிக்கை. அதனாலதான் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். முழுசாப் படிலே. பாதியில மடக்கி வச்சிராதே.

தையில உனக்குக் கல்யாணம். கல்யாணம் முடிக்கப்போற மவனுக்கு அப்பன் எழுதுதான்னா புத்திமதி இருக்கும், வாழ்த்து இருக்கும்னு எதிர்பார்ப்பே. புத்திமதி ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதைப் பின்னால சொல்லுதேன். வாழ்த்தை மண்டபத்துல வந்து சொல்லிக்கிடலாம். இப்ப எனக்கு உன் மேல இருக்கது கோபம். வயித்தெரிச்சல்னே வச்சுக்கோ. எல்லாம் நீ நம்ம ஜீப்புக்குப் பண்ணிட்டுப் போன வேலையால வந்தது.

அந்த ஜீப்பைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஓசூர்ல லாரி பண்ணுத கம்பெனிக்குப் போனதுல மறந்துட்டியோன்னு சந்தேகமா இருக்கு. ஆழ்வார்குறிச்சியில இருந்து மலையடிவாரம் வரைக்கும்தான் பஸ்ஸு. அதுக்கு மேல, மலை ஊருக்கு, நம்ம வண்டிதான். மேல உள்ளவனுக்கு அரிசி போகணும்னாலும், கேஸ் சிலிண்டர் போகணும்னாலும், வயித்துப்பிள்ளைக்காரி ஆஸ்பத்திரிக்குக் கீழ வரணும்னாலும் நான்தான். அங்கன உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பாளையங்கோட்டையில இருந்து வார கிரேஸ் டீச்சர் திங்கக்கிழமை நம்ம வண்டியிலதான் ஏறும், வெள்ளிக்கிழமை நம்ம வண்டியிலதான் இறங்கும். பாதைன்னு பேருதான், கல்லும் குழியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. "அண்ணாச்சி வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்"னு மேல உள்ள சனம் சொல்லும். அதைக் கேட்டுத்தான் நீயும் வளந்தே.

அந்த வண்டியில ஒரே ஒரு குறை, ஸ்டீரிங்குல ஆட்டம். கால் சுத்து சுத்தினாத்தான் சக்கரம் என்ன சங்கதின்னு திரும்பிப் பாக்கும். நேர் ரோட்டுலகூட இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிக்கிட்டேதான் போகணும். வண்டி ஓடுத தகுதியில இருக்கான்னு எஃப்.சி.க்குக் காட்டப் போனா இன்ஸ்பெக்டர் முதல்ல அதைத்தான் புடிப்பார். இசக்கி பட்டறையில குடுத்துச் சரி பண்ணுவேன், கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிரும். அதனால வண்டி ஓரம் போனாலும், குழியில இறங்கினாலும், நம்ம வாசல்ல திருப்பையில கேட்டுத் தூணுல உரசினாலும் என்கிட்ட ஒரே பதில்தான். "வண்டியிலதான் ஆட்டம்." உங்கம்மா காப்பி குடுத்தா தளும்பி வேட்டியில சிந்தும். "பகல் பூரா அந்த ஆட்டம் புடிச்ச ஸ்டீரிங்கைக் கட்டிக்கிட்டு அழுதா கை உதறாம என்னட்டீ செய்யும்?"னு எரிஞ்சு விழுவேன். பொறவு பாத்தா முக்கால் தம்ளர்தான் ஊத்திக்கிட்டு வாரா. காப்பித்தூள் விலை ஏறிப்போச்சு, சிக்கனம் புடிக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு லீவுல வந்தவன் பெட்டி பெட்டியா இரும்பைக் கொண்டு வந்து இறக்கினே. "அப்பா, உங்களுக்குத்தான்"ன்னே. இசக்கி பட்டறையில வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடந்தே. முன் சக்கரம் ரெண்டையும் சேத்துப் புடிக்கிற குறுக்குக் கம்பி, அந்த டை ராடு, அச்சுக்குக் கீழ தொங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. மேடான கல்லு எதுவா இருந்தாலும் முதல்ல அதுதான் போய் முட்டும். முட்டி முட்டி நடுவுல வளைஞ்சு போச்சு. நான் அதை நிமித்தி நிமித்தியே காலத்தை ஓட்டிட்டேன். நீ அதைக் கழட்டித் தூர எறிஞ்சிட்டு, அதுக்கு ரெண்டு மடங்கு கனத்துல ஒரு குழாயை அச்சுக்கு மேல, கல்லு எட்டாத உயரத்துல ஏத்தி மாட்டினே. அதுக்காகச் சக்கரத்துப் பக்கம் உள்ள துளையை மேல இருந்து கடைஞ்சே. ஸ்டீரிங் பெட்டியில இருந்து சக்கரத்துக்குப் போற கம்பியையும் புதுசாக்கி, படுக்கை வாட்டத்துல வச்சே. குழியில விழுந்து எந்திரிக்கையில வண்டி தானாத் திரும்பக் கூடாதுல்லா, அதுக்கு. முனைக்கு முனை புது பால் ஜாயிண்ட்டு. கடைசியில டயருக்கு முன்ன ஒருக்கா, பின்ன ஒருக்கா டேப்பைப் புடிச்சு அளந்து, குழாயைத் திருகிச் சரி பாத்து, நட்டை இறுக்கிப் பின்னைப் போட்டு வளைச்சே. இசக்கியே வாயைப் பிளந்துட்டு நின்னான். நான் பட்டறை வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வாரவன் போறவன்கிட்டயெல்லாம் "நம்ம மவன்தான்வே, கம்பெனியில வேலை"ன்னு பீத்திக்கிட்டுக் கிடந்தேன். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. அதை நான் யார் முன்னாலயும் சொல்லுவேன்.

சாயங்காலம் சாவியை என் கையில குடுத்தே. கால்வாய்க்கரை ரோட்டுல ஓட்டிப் பாத்தோம். வளைவு கிடையாது, எதிர்ல ஈ காக்கா இல்ல. நான் நேராத்தான் புடிச்சிருந்தேன். ஆனா வண்டி மூக்கு இங்கிட்டு ஒரு சிலுப்பு, அங்கிட்டு ஒரு சிலுப்பு. முன்னயெல்லாம் என் கை எம்புட்டு நடுங்கினாலும் அது ஸ்டீரிங் ஆட்டத்துக்குள்ளயே அடங்கிப் போயிரும், சக்கரத்துக்குச் சேதி போகாது. நீ ஆட்டத்தை எடுத்துட்டே. இப்ப கை என்ன செய்யுதோ அதையே சக்கரமும் செய்யுது. அன்னைக்கு எனக்கு இது விளங்கல. பக்கத்துல உக்காந்திருந்த உனக்கு விளங்கிருச்சு. விளங்கினவன் என்னலே செஞ்சே? வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டே. இறங்கையில "நல்லாருக்குப்பா"ன்னே. மறுநாள் காலையில பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டே.

நீ போன பொறவு நான் பட்ட பாட்டைக் கேளு. முதல்ல பழக்க தோஷம்னு நினைச்சேன். வருஷக்கணக்கா ஆட்டி ஆட்டி ஓட்டின கை, சட்டுனு நிக்குமா? சரி, நாலு நாள் போகட்டும்னு விட்டேன். போகல. டயர்ல காத்து கூடுதலா இருக்குமோன்னு இறக்கிப் பாத்தேன். பொறவு நீ அளந்ததுலதான் கோளாறுன்னு முடிவு கட்டி, நேரா இசக்கிகிட்டப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் திரும்ப அளந்தான். பொறவு "இருங்க அண்ணாச்சி"ன்னு சொல்லி அவனே ஏறி, கோயில் வரைக்கும் ஓட்டிட்டு வந்தான். நான் ரோட்டுல நின்னு பாக்கேன், ஒத்தைக் கையால புடிச்சிருக்கான், வண்டி அசங்காம வருது. இறங்கி, கையைத் துணியில துடைச்சுக்கிட்டே, "வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி"ன்னான். டீ சொல்லட்டுமான்னு கேட்டான். எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. வீட்டுக்கு வந்து, நீ பட்டறையில இருந்து கொண்டு வந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால போட்டிருந்த பழைய கம்பிய எடுத்துக்கிட்டுப் போய் அவன் முன்னால போட்டு, "இதையே திரும்ப மாட்டுலே"ன்னேன். அவன் அந்த வளைஞ்ச கம்பியையும் பாத்தான், என்னையும் பாத்தான். "வேற பட்டறை பாருங்க அண்ணாச்சி, என் கையால மாட்ட மாட்டேன்"னுட்டான். இத்தனை வருஷப் பழக்கத்துல அவன் என்கிட்ட முடியாதுன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

கம்பியோட வீட்டுக்குத் திரும்பினவனைப் பாத்து உங்கம்மா அழுதுட்டா. அப்பதான் அவ வாயில இருந்து விழுந்துச்சு. நீ வந்திருக்கையில அவ உன்கிட்டச் சொல்லியிருக்கா. "அப்பாவுக்குக் கை நடுங்குதுய்யா, நான் சொன்னாக் கேக்க மாட்டாரு, நீ சொல்லு"ன்னு. அதுக்கு நீ என்ன சொன்னேன்னு நினைவிருக்கா? "நாம ஏன்மா சொல்லணும்? வண்டியைச் சரி பண்ணிட்டா அவருக்கே தெரிஞ்சிரும்." ஏலே, இதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ எனக்குப் பரிசு குடுக்கேன்னு நான் ஊர் பூராச் சொல்லிக்கிட்டு அலையுதேன். நீ எனக்குப் பரீட்சை வச்சிருக்கே. வச்சிட்டு, மார்க்கையும் பாத்துட்டு, சொல்லாமப் போயிட்டே. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை பொண்ணை நான்தான் ஜீப்புல வச்சு ஊர்வலம் கூட்டிட்டு வருவேன்னு உனக்கு மீசை முளைக்கு முன்னயே சொல்லி வச்சிருந்தேன். நீ போன வாரம் போன்ல, "கார் புக் பண்ணியாச்சுப்பா, உங்களுக்கு அன்னைக்கு நூறு வேலை இருக்கும்லா"ன்னே. எம்புட்டுப் பாசம்னு பூரிச்சுப் போனேன்லே நான், கூறு கெட்டவன்.

உன்கிட்ட நான் எதையாவது சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்கேனா? காலேஜ் படிக்கையில, லைசென்ஸ் வாங்கின கையோட, மலைக்கு நான் ஓட்டுதேன்னு வந்து நின்னே. அடிவாரத்துல இருந்து ஆனைப்பாறை வளைவு வரைக்கும் உன்னைய ஓட்ட விட்டுப் பாத்தேன். நல்லாத்தான் ஓட்டினே. ஆனா கட்டைவிரலை ஸ்டீரிங் வட்டத்துக்கு உள்ளே கோத்துப் புடிச்சிருந்தே. சக்கரம் கல்லுல அடிச்சுத் திருப்புனா ஸ்டீரிங் சுழண்டு விரலை ஒடிச்சிரும், விரல் வெளியே இருக்கணும்னு எத்தனை வாட்டி சொல்லியும் கேக்கல. வண்டியை நிறுத்தச் சொன்னேன். உன் முகத்தைப் பாத்து, "உனக்குப் பயமே இல்லலே, பயம் இல்லாதவன் கையில பத்துப் பேர் உசிரைக் குடுக்க மாட்டேன், சாவியக் குடு"ன்னேன். பின்னால சனம் உக்காந்திருந்துச்சு. உனக்கு முகம் கறுத்துப் போச்சு. கண்ணு கலங்குச்சு. வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்தே. ஆனா மறு வருஷம் நீயே வந்து கேட்டே, குடுத்தேன், விரல் வெளியே இருந்துச்சு. நேராச் சொன்னதால நீ ஒண்ணும் குறைஞ்சு போயிரல. எனக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லாமப் போச்சு?

உங்கம்மா சொன்ன பொறவும் நான் ஒத்துக்கிடல, வீம்புக்கு வண்டியை எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். போன திங்கக்கிழமை நடந்ததையும் கேட்டுக்கோ. மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. கிரேஸ் டீச்சர் முன்னால, பின்னால மேல ஊர்ச் சனம் அஞ்சாறு பேரு, அரிசி மூட்டை. ஆனைப்பாறை வளைவு வந்ததும் எல்லாரும் "கால் மரத்துப் போச்சு அண்ணாச்சி, நடந்து வாரோம்"னு எந்திரிச்சாங்க. எப்பவும் அப்படித்தான், அந்த இடத்துல இறங்கி நடப்பாங்க, வளைவு தாண்டி ஏறிக்கிடுவாங்க. பாரம் குறையட்டும்னு நினைக்காங்க, நல்ல சனம்னு நான் பெருமையாச் சொல்லுவேன். அன்னைக்கு நான், "ஒருத்தரும் இறங்க வேண்டாம், மவன் ஸ்டீரிங்கை மாத்திட்டான், இனி ஆட்டமே கிடையாது"ன்னேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தரும் உக்காரல. "இல்ல அண்ணாச்சி, காலு மரத்துப் போச்சு"ன்னு சொல்லிக்கிட்டே பைய ஒவ்வொருத்தரா இறங்கிட்டாங்க. கைப்பிள்ளை வச்சிருந்த மாடத்தி அந்தத் தூறல்ல முந்தானையைப் பிள்ளை தலையில போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே நடக்கா. நான் ஸ்டீரிங்கைப் புடிச்சபடி அவ நடக்கதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

டீச்சர் மட்டும் இறங்கல. என் மூஞ்சியப் பாத்திருக்கும், மனசு கேட்டிருக்காது. வண்டியை எடுத்தேன். ஓரக்கண்ணால பாக்கேன், டீச்சர் கண்ணை மூடி உக்காந்திருக்கு. உதடு அசையுது. ஜெபம் பண்ணுது. கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்னு சொன்னது இதுதான் போல. அந்த நேரம் இடது சக்கரம் ஓரக்கல்லுல ஏறுச்சு. உள்ளங்கையில டக்குனு தெரிஞ்சுது. பழைய ஸ்டீரிங்கா இருந்தா தெரிஞ்சிருக்கவே செய்யாது, இன்னும் கொஞ்சம் போயிருப்பேன், அதுக்கு அங்கிட்டு ஓடைதான். பிரேக்கை மிதிச்சேன். டீச்சர் கண்ணைத் திறந்து, இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அடை வச்சுது. நான் இறங்கி நின்னு கேட்டேன். "எம்புட்டு நாளா டீச்சர் எல்லாரும் இங்கன இறங்குதீங்க?" அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "போன வருஷத்துல இருந்து அண்ணாச்சி. உங்க மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்"னுது. நடந்து வந்த கூட்டத்துல மூட்டை இறக்குத சுடலை இருந்தான், லைசென்ஸ் உள்ளவன். சாவியை அவன்கிட்டக் குடுத்தேன். அவன் கூச்சப்பட்டுக்கிட்டே ஏறினான். வண்டி வளைவுல ஒரு சிலுப்பு இல்லாமத் திரும்புச்சு. எல்லாரும் ஏறிக்கிட்டாங்க, கூப்பிட்டாங்க, நான் ஏறல. மேல ஊர் வரைக்கும் என் வண்டிக்குப் பின்னால நான் நடந்தே போனேன்.

உன் கம்பிதான் என்னையும் டீச்சரையும் காப்பாத்துச்சு. அதை மறைக்க மாட்டேன். ஆனா அதுக்கும் சேத்துத்தான் உன் மேல கோபம். எனக்குத் தெரிய வந்த அந்த நேரத்துல பக்கத்துல ஒரு பொம்பளை உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நீ அந்தக் கால்வாய்க்கரையில வாயைத் திறந்திருந்தா, அங்கனயே சண்டை போட்டிருப்பேன், உன்னைய இறக்கி விட்டிருப்பேன், ரெண்டு மாசம் பேசாம இருந்திருப்பேன். ஆனா டீச்சர் அந்த வண்டியில இருந்திருக்காது. ஊர் முழுக்க என் மனசு நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்திருக்கு. அதுக எல்லாம் மூணாம் மனுசங்க, பெரிய மனுசனை எப்படிச் சொல்லுததுன்னு நினைச்சிருக்கும். நீ யாருலே எனக்கு?

புத்திமதி ஒண்ணு இருக்குன்னேன்லா, அது இதுதான். உனக்குப் பொண்டாட்டியா வரப்போற பொண்ணுகிட்ட எதையாவது சொல்ல வேண்டியிருந்தா வாயால சொல்லு. பாத்திரத்தை மாத்தி, கட்டிலை மாத்தி, வீட்டை மாத்தி, அவளுக்கே தெரிஞ்சிரும்னு காத்துக்கிட்டு இருக்காதே. உனக்குக் கைவேலை நல்லா வருது. அதான் பயமா இருக்கு. எதையும் கழட்டி மாட்டிச் சரி பண்ணிரலாம், பேசவே வேண்டாம்னு நினைக்கே. உங்கம்மா முக்கால் தம்ளர் காப்பியிலயே அதைச் செஞ்சா, நீ அவ பிள்ளைதானே. நானும் அவகிட்ட இனிமே அப்படிச் செய்யாதட்டீன்னு சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில முழுத் தம்ளர் குடுத்தா. சிந்துச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். பாளையங்கோட்டையில ஒரு நரம்பு டாக்டரைப் பாக்க அவ ஏற்பாடு பண்ணியிருக்கா, போறோம்.

வண்டி வாசல்ல நிக்குது. இப்போதைக்குச் சுடலைதான் மேல ஓட்டுதான், சாயங்காலம் சாவியக் கொண்டு வந்து என்கிட்டத் தந்துட்டுப் போறான். கல்யாணத்துக்கு நீ புக் பண்ணின காரை வேண்டாம்னு சொல்லிரு. நம்ம ஜீப்பை நீ ஓட்டு, உன் பொண்டாட்டி பக்கத்துல இருக்கட்டும், நானும் உங்கம்மாவும் பின்னால உக்காந்துக்கிடுதோம். ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு செய்யணும். நீ வந்து, என் எதிர்ல நின்னு, வயலைப் பாக்காம என் மூஞ்சியப் பாத்து, "அப்பா, இனி நீங்க ஓட்டாதீங்க, சாவியக் குடுங்க"ன்னு சொல்லணும். நான் கத்துவேன். கத்தத்தான் செய்வேன், நின்னு கேளு. சொன்ன பொறவுதான் சாவி. இந்தக் கடிதாசியக் காட்டி, அவரே ஒத்துக்கிட்டாருன்னு உங்கம்மா வழியா வாங்கிரலாம்னு பாக்காதே.

எழுத்து கோணலும் மாணலுமா, வரிக்கு வரி மேலயும் கீழயும் ஓடியிருக்கும். படிக்கக் கஷ்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ. பேனா புதுசு, நேத்துதான் வாங்கினேன். இதுல ஆட்டம்னு சொல்ல முடியாதுல்லா.